‘இனிமே கட்டாதீங்கம்மா’ என்று சொன்ன மகனுக்கு

அன்புள்ள என்று தொடங்குவதுதான் வழக்கம். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். உன் மேல் இருக்கும் அன்பு எங்கும் போய்விடவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அதற்கு மேல் வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. உன் அப்பா அதைக் கோபம் என்கிறார். கோபம் எனக்குத் தெரியாதா? உன்னை வளர்த்த காலத்தில் நான் படாத கோபமா? இது கோபம் இல்லை, அருவருப்பு. குளியலறை ஜல்லடையில் அடைத்துக்கொண்ட முடியைக் கையால் இழுத்து எடுக்கும்போது உடம்பெல்லாம் ஒரு மாதிரி கூசுமே, அதுதான். பெற்ற பிள்ளையை நினைத்தால் இப்படி வருமா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. வருகிறது, என்ன செய்ய?

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் உன் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். இத்தனை வருஷம் அஸ்தினாபுரத்தில் எங்களோடு இருந்தவன், அன்றோடு உன் மனைவியை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகிறாய். நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டிய நேரம். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ போனைப் பார்ப்பாய், உன் அப்பா குறுக்கே விழுவார், உன் மனைவி பாவம், குக்கர் விசில் வந்துவிட்டது என்று எழுந்து போவாள். அதனால் எழுதுகிறேன். எழுதி, மடிக்காமல், சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். இந்த வீட்டில் ஒரு விஷயத்தை மூடி வைத்து அது நாறுகிற நாற்றம் போதும்.

ரேணுகாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவள் யார் என்பதே மறந்துபோனவன் மாதிரி நீ நடந்துகொள்வதால் சொல்கிறேன். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து நம் தெருமுனையில் பூ விற்கிறவள். உனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அவள் கட்டிய கதம்பத்தைத்தான் உன் அப்பா சாமி படத்துக்குப் போட்டார். அவள் பூக்கட்டுவதை நீயும் நின்று பார்த்திருக்கிறாய். வாய் ஊர்க்கதை பேசும், கண் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்க்கும், விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். அவள் புருஷன் ஏழுமலை தோல் கம்பெனியில் வேலை பார்த்தவன். மாவாப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கி அடக்கிப் புண்ணாகி, அது புற்றுநோய் என்று தெரிந்ததும் ரேணுகா வேறு எங்கும் போகவில்லை. நேராக நம் வீட்டு வாசலுக்குத்தான் வந்தாள்.

“யம்மா, தம்பி வேல செய்ற ஆஸ்பத்திரில இத்தப் பாப்பாங்களா? எனக்கு வேற யாரயும் தெரியாதும்மா” என்றாள். நான் உன்னிடம் சொன்னேன், நீயும் ஏற்பாடு செய்தாய். அதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புற்றுநோய் டாக்டர்கள் அழுகின கன்னத்தை வெட்டி எடுப்பார்கள், அந்த ஓட்டையை மூடி முகம் மாதிரி ஆக்கித் தருவது என் வேலை என்று சொன்னாய். எப்படி என்று கேட்டதற்குத் தட்டில் இருந்த சப்பாத்தியை வைத்து விளக்கினாய். ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு துண்டைக் கிழித்தாய், அதை அப்படியே திருப்பி வேறு பக்கம் போட்டாய். “மார்பிலேருந்து சதையை இப்படித்தாம்மா பிரிச்சு, கழுத்துத் தோலுக்கு அடியில நுழைச்சு, கன்னத்துல கொண்டுபோய் வச்சுத் தைப்போம். இந்த ஒட்டிக்கிட்டிருக்கற இடம் இருக்கு பார், அது வழியாத்தான் ரத்தக் குழாய் போகுது. அது நல்லா இருந்தா சதை வாழும். அதுல ஏதாவது ஆச்சுன்னா மொத்தமும் போச்சு” என்றாய். உனக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். எனக்கு அந்தச் சப்பாத்தி இறங்கவில்லை, ஆனாலும் உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் நீ வந்ததை நினைவுபடுத்திக்கொள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து சோபாவில் உட்கார்ந்தாய். இந்த வீட்டில் செருப்போடு உள்ளே வந்தவன் நீ ஒருத்தன்தான், அன்று மட்டும்தான், நான் வாயைத் திறக்கவில்லை. உன் முகம் அப்படி இருந்தது. “சதையைப் பிரிக்கும்போது ரத்தக் குழாய்ல பட்டுடுச்சும்மா. வேற யாரும் இல்ல, என் கைதான். உடனே தைச்சுட்டேன். ரத்தம் ஓடுது. ஆனா சதையோட கலர் எனக்குப் பிடிக்கல” என்றாய். நான் உன் முதுகில் கை வைத்தேன். மனுஷக் கைதானடா என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். வெண்டைக்காய் நறுக்கினாலே விரலில் பட்டுவிடுகிறது எனக்கு. நீ உயிருள்ள சதைக்குள் முடி மாதிரி இருக்கிற ஒன்றைத் தேடி எடுக்கிறவன். காபி கலந்து கொண்டுவருவதற்குள் நீ எழுந்துவிட்டாய். போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்கே ஓடினாய். அந்த மகனை எனக்குத் தெரியும். அவன் கை தவறியதற்காக நான் ஒரு நிமிஷம்கூட அவனை வெறுத்ததில்லை.

அடுத்து என்ன ஆனது என்பது உன் வாயால் எனக்குத் தெரியவில்லை. சதை பிழைக்கவில்லை, அழுகிப்போனதை எடுத்துவிட்டு முதுகிலிருந்து இன்னொரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னாய். நானும் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச காலம் தெருமுனையில் ரேணுகாவைக் காணவில்லை. போன மாதம்தான் மறுபடி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். நான் ஆசையாகப் போய்ப் பார்த்தால் கூடை முழுக்க உதிரிப் பூ. ஒரு முழம் கட்டின பூ கிடையாது.

“என்ன ரேணுகா, எல்லாம் உதிரியா வச்சிருக்கே? கட்டலையா?”

“இல்லம்மா. இனிமே கட்றதில்ல. உதிரிதான்.”

“ஏன், கையில ஏதாவது வலியா?”

“வலின்னா பரவால்லியேம்மா. இந்தக் கைதானேம்மா அந்தக் கயித்தக் கட்டிச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன், நீ இதைப் படித்தே ஆக வேண்டும். “ஆப்ரேசன் முடிஞ்சி மறுநாளுதாம்மா என்ன உள்ள வுட்டாங்கோ. அம்மன் கோயில்ல மந்திரிச்ச கறுப்புக் கயிறு வச்சிருந்தேன். கையில கட்டலாம்னா ஊசி குத்தி வச்சிக்கீறாங்க. சரின்னு கழுத்துல கட்டினேன். இறுக்கலம்மா, ரெண்டு வெரலு பூர்ற மாறி லூசாத்தான் கட்டினேன். அதுக்கு அடுத்த நாளு பார்த்தா வச்ச சதை கறுத்துப் போயி கீது. நர்ஸம்மா கயித்தப் பார்த்துட்டு ஒரே கத்து. கழுத்துல எதுவும் கட்டக் கூடாது, ரத்தம் போற வழி நசுங்கிடும்னு சொன்னோம் இல்லன்னு கத்திரிய வுட்டு அறுத்துக் கீழ போட்டுச்சு. அப்பத்தான் தம்பி வந்துச்சு. நான் கால்ல வுழுந்துட்டேம்மா. இதனாலயா சார், நான் கட்டினதனாலயா சார்னு கேட்டேன். தம்பி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பால, ‘இனிமே கட்டாதீங்கம்மா’ன்னு சொல்ட்டுப் போயிடுச்சு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன கடைசி வார்த்தையையும் கேட்டுக்கொள். “ரொம்ப நல்ல புள்ளம்மா. ஒரு வார்த்த திட்டக்கூட இல்ல.”

நான் கையில் வைத்திருந்த கால்படி மல்லியோடு வீட்டுக்கு வந்தேன். அதைச் சாமிக்கு வைக்கவில்லை. கழுவுதொட்டியில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினேன், சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். இனிமே கட்டாதீங்கம்மா. எவ்வளவு மரியாதையான வாக்கியம். ‘ம்மா’ வேறு. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கு யார் கேட்டாலும் நீ பொய் சொன்னதாக நிரூபிக்க முடியாது. அவள் கயிறு கட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலமே அந்தச் சதையின் கலர் சரியில்லை என்று என்னிடம் சொன்னவன் நீ. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, காலடியில் கிடந்தவள் தலையில் அந்தப் பழியை மெதுவாக, சத்தமே வராமல் இறக்கி வைத்துவிட்டு நடந்திருக்கிறாய். நீ அவளை ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

இந்த மாதிரி வாக்கியங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். டெலிபோன் ஆபீசில் புகார் வாங்குகிற மேஜையில் உட்கார்ந்து தலை நரைத்தவள் நான். ‘பார்த்துக்கிட்டிருக்கோம் சார்’, ‘மேல சொல்லியிருக்கோம் சார்’, ‘உங்க இன்ஸ்ட்ருமென்ட்ட எதுக்கும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க சார்’. யார் மேலும் தப்பு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிற வாக்கியங்கள். செத்துப்போன போனுக்கு நாங்கள் அதைச் சொன்னோம். வீட்டுக்கு வந்து அதை உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், நீயும் பள்ளிக்கூடப் பையைக் கழற்றிக்கொண்டே கேட்டுச் சிரித்திருக்கிறாய். அதை நீ ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கைக்குப் பயன்படுத்துவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அன்று நீ வந்ததும் கேட்டேன். நீ புது வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் மாதிரிகளைச் சோபாவில் பரப்பி வைத்துக்கொண்டு சாம்பல் நிறமா, பழுப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“கயிறுதான் காரணம்னு நான் சொல்லவே இல்லம்மா. அவங்களா அப்படி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?”

“இல்லேன்னு சொன்னியா?”

“அந்த நேரத்துல சுத்தி நர்ஸ், ஜூனியர்ஸ் எல்லாரும் நிக்கறாங்க. பொதுவா கழுத்துல எதையும் கட்டக் கூடாதுங்கறது உண்மைதானே?”

பொதுவா! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. அப்புறம் நீ விரலை மடக்கி மடக்கி விளக்கினாய். இது எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடிய காம்ப்ளிகேஷன்தான். ஆபரேஷனுக்கு முன்னாலேயே இப்படியெல்லாம் ஆகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். சீஃப்பும் பேசாமல் இரு என்றுதான் சொன்னார். இப்போது போய்ச் சொன்னால் அவர்களுக்கு நம்பிக்கை போய்விடும், ரேடியேஷனைப் பாதியில் நிறுத்திவிட்டால் ஏழுமலைக்குத்தான் கெடுதல். நோயாளியின் நன்மைக்காகத்தான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாயாம்! உன் வசதியும் அவன் நன்மையும் எவ்வளவு அழகாக ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன பார். காம்ப்ளிகேஷன் என்பது சரி, அதற்குப் பெயர் இருக்கிறது, வரும், யாருக்கும் வரும். ரேணுகா காலில் விழுந்து கேட்டபோது நீ மௌனமாக நின்றாயே, அது எந்தக் காம்ப்ளிகேஷன்? அதற்கும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தாயா?

உன் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு நடுவே வந்தார். “அவன் சொல்றதுதான் சரி. நீ பாட்டுக்கு எதையாவது கிளப்பிவிட்டு, நாளைக்குக் கேஸு, டிவி, போட்டோன்னு போயிடும். எதிர்காலம் இருக்கற பையன். அந்தப் பொம்பளைக்குக் கிரகப்பிரவேசத்துக்கு நல்லதா ஒரு புடவை எடுத்துக் குடுத்துடு, சரியாப் போயிடும்” என்றார். புடவை! நீ தலையைத் தூக்கி, “ஆமாம்மா, அது நல்ல ஐடியா” என்றாயே, நினைவிருக்கிறதா? அன்று உங்கள் இரண்டு பேருக்கும் தோசை வார்த்துப் போட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. சட்னி கேட்டீர்கள், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

நீ இப்படிப் பிறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எதிர்வீட்டு மாமி கொலு வைத்திருந்தபோது, கால் தடுக்கிச் செட்டியார் பொம்மையின் மேல் விழுந்தாயே. செட்டியார் தலை தனியாக உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூடம் முழுக்கப் பட்டுப் புடவைகள், சுண்டல் வாசனை, யாரும் உன்னைக் கவனிக்கவில்லை. பூனை தட்டிவிட்டது என்று மாமி அவளாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நீ கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய்த் தலையை எடுத்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் வந்து நின்று, “மாமி, பூனை இல்ல, நான்தான்” என்றாய். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்புகூட முடிக்காத பையன். ஒரு பூனை மேல் வீண்பழி விழுவதைக்கூட உன்னால் தாங்க முடியவில்லை. மாமி உனக்கு இரண்டு பங்கு சுண்டல் கொடுத்தாள், தெருவே சிரித்தது. அதற்கப்புறம் நீ எத்தனை படித்தாய், எத்தனை பரீட்சை எழுதினாய், உன் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து சேர்ந்தது. அந்த மூன்று வார்த்தையை இப்போது உன்னால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் படிப்பை வைத்து நான் என்ன செய்வது? சட்டம் போட்டு மாட்டுவதா?

நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததும் நானே போனேன். போன வாரம் உன் அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பம்மலுக்குப் போனேன். நீ அவர்கள் வீட்டைப் பார்த்திருக்க மாட்டாய். ஒரே அறை, பக்கத்திலேயே லேத் பட்டறை, இரும்பு அறுக்கிற சத்தம் ஓயாது. ஏழுமலை கட்டிலில் சாய்ந்திருந்தான். உள்ளே நுழைந்ததும் அந்த வாடை என் முகத்தில் அடித்தது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மூடாத வாயோரம் எச்சில் வழிந்துகொண்டு இருந்தது. என்னையறியாமல் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனேன். அவன் அதைப் பார்த்தான். வாய்தான் பேசவில்லை, கண் நன்றாகவே பார்க்கிறது. கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். என் அருவருப்பை நான் தப்பான விலாசத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அவன் அக்கா மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ரேணுகா தன் சொந்த வீட்டில், வாசற்படிக்கு வெளியே, விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பூவில் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏன் நீ ஊற்றவில்லை என்று கேட்டேன். அக்காக்காரி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். “அவ கைய வச்சது போதாதாம்மா? கயித்தக் கட்டியே என் தம்பிய இப்டி ஆக்கிட்டா. அவ கிட்ட வந்தாலே இவன் மூஞ்சியத் திருப்பிக்கிறான்.” ரேணுகா தலையைத் தூக்கவில்லை. காம்பை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமும் அவன் குடியையும் மாவாவையும் அவன் அக்காவையும் சேர்த்துச் சுமந்தவள். அவளை அந்த வீட்டின் வாசற்படிக்கு வெளியே உட்கார வைத்தது உன் ஒரு வாக்கியம்.

அவளைத் தெருக்குழாய்ப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன். கயிறு காரணமில்லை, ஆபரேஷன் நடக்கும்போதே ரத்தக் குழாயில் பட்டுவிட்டது, அன்று சாயங்காலமே என் மகன் என்னிடம் சொன்னான், நீ கட்டினது அதற்கு மறுநாள்தானே என்று எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். ஏதோ ஒரு நிமிஷம் அவள் முகம் திறந்த மாதிரி இருந்தது. பிறகு சிரித்தாள். என் மேல் இரக்கப்பட்டுச் சிரித்தாள்.

“எனக்காவ இப்டிப் பேசாதம்மா. நான் அழுவறேன்னு பெத்த புள்ள மேலயே பழியப் போடுவியா? அவுரு கை பட்டிருந்தா அவுரு சொல்லியிருக்க மாட்டாரா? அவுரு சாமி மாறிம்மா.”

நான் எவ்வளவோ சொன்னேன். சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. இன்னும் சொல்லப்போனால் என்னைச் சமாதானப்படுத்தினாள், என் கையைத் தட்டிக்கொடுத்தாள். சாமி மாறி! ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது குரோம்பேட்டை வரைக்கும் அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளுக்கு நம்பிக்கை போய்விடும் என்று கவலைப்பட்டாயே, போகவில்லை, கவலைப்படாதே. அந்த நம்பிக்கையைத்தான் நீ உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாய். அவள் என் பேச்சை நம்ப மாட்டாள், அந்த நர்ஸ் வந்து சொன்னாலும் நம்ப மாட்டாள். தான் கயிறு கட்டியதுதான் காரணம் என்பதை உன் வாயிலிருந்துதான் அவள் எடுத்துக்கொண்டாள். உன் வாய்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும்.

பயப்படுகிறாய் என்று தெரியும். அவர்கள் கத்தலாம். அந்த அக்காக்காரி மண்ணை வாரித் தூற்றலாம், ஆள் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரலாம், கேஸ் போடலாம். போடட்டும். நின்று பதில் சொல். தைத்தேன், கண்விழித்துப் பார்த்தேன், காப்பாற்ற முடியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த இடத்தில் உன் பக்கத்தில் நான் நிற்பேன். உன் மேல் யாராவது கை ஓங்கினால் முதல் அடி என் மேல்தான் விழும். ஆனால் இப்போது நீ நிற்கிற இடத்தில், ஒரு பூக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிற இடத்தில், என்னால் உன் பக்கத்தில் வந்து நிற்க முடியவில்லை. கிட்டே வந்தாலே நாற்றமடிக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். புது வீட்டு நிலைவாசலுக்குப் பூ கட்டித் தரச் சொல்லி ரேணுகாவிடம் கேட்டேன். “வேற யாருகிட்டனா கட்டச் சொல்லும்மா. நான் உதிரியா எடுத்தாந்து கீழ குடுத்துட்டுப் போயிடறேன். புது வூட்டு நெலைக்கு என் கை வேணாம்” என்றாள். நீ உதிரியாகவே கொண்டுவா, கூடவே நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வருவாள். உன் வீட்டு விசேஷம் என்றால் வராமல் இருப்பாளா? முதல் வண்டியைப் பிடித்து ஊரப்பாக்கத்தில் இறங்கி, ஐயர் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுவாள். நான் அவளோடு உன் ஃபிளாட் கதவுக்கு வெளியே, லிஃப்டுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருப்பேன். பெற்றவள்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று உன் மாமியார் முதல் எல்லோரும் சொல்லிவிட்டார்கள் அல்லவா? பால் பாத்திரம் என் மடியில்தான் இருக்கும். நிலையில் பூ ஏறாமல் நான் படி தாண்ட மாட்டேன். ரேணுகா கட்டாமல் அந்த நிலையில் பூ ஏறாது. நீ சொல்லாமல் அவள் கட்ட மாட்டாள்.

நல்ல நேரம் தவறிப்போகும் என்று உன் அப்பா குதிப்பார். குதிக்கட்டும். வந்தவர்கள் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும், செட்டியார் தலையோடு நின்றபோதும் கூடம் நிறைய ஆள் இருந்தது. அவளிடம் சொன்னதும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. பந்தி முடிந்த கையோடு பம்மலுக்குப் போய் ஏழுமலையின் காதிலும் அவன் அக்காவின் காதிலும் அதையே சொல்ல வேண்டும். நான் ஆட்டோ பேசி வைத்திருக்கிறேன்.

என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று சீஃப்பைக் கேட்காதே, அப்பாவைக் கேட்காதே, உட்கார்ந்து வார்த்தை தேடாதே. அந்த வாக்கியம் உன்னிடம் இருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என்னிடம் சொன்னாய், அன்றைக்கு உன்னைப் பெற்றதற்காக நான் சந்தோஷப்பட்டேன். அவள் முன்னால் அதே மாதிரி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதையே சொல்.

“என் கைதான்.”

வாசலில் இருக்கிறேன்.

அம்மா